வற்றாத ஆறும் நிலமற்ற உழவரும்: தாமிரபரணிக் கரையை நாம் வாசிக்க வேண்டிய விதம்

பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தில் திருநெல்வேலிக்குக் கிடைப்பது நாலைந்து வரிகள். தாமிரபரணி வற்றாத ஆறு, இருபோகம் நெல் விளையும், வாழை உண்டு, தெற்கே தேரிக்காடு, கிழக்கே மன்னார் வளைகுடா. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வரிகளுக்குள் ஒரு மனிதர்கூட இல்லை. நெல் தானாக விளைகிறது, வாய்க்கால் தானாக ஓடுகிறது, நிலம் யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களில் பலரின் பாட்டிமார்கள் அந்த வயலில் நாற்று நட்டவர்கள்.

இந்த ஆற்றின் நிலவியலையும் பருவத்தையும் சாதியோடு சேர்த்து வாசித்தால் ஒரு விநோதமான உண்மை தென்படுகிறது. எங்கே தண்ணீர் உறுதியாக இருந்ததோ, அங்கேதான் உழைப்பவர் மிக இறுக்கமாகக் கட்டிப்போடப்பட்டார். வறண்ட நிலம் பசியைக் கொடுத்தது; ஈர நிலம் சோற்றைக் கொடுத்துக் காலைக் கட்டியது. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது அதைத்தான். மலையிலிருந்து தொடங்குவோம்.

பொதிகையின் அகத்தியர் மலை உயரம் சுமார் 1,860 மீட்டர். அந்தப் பகுதியில் பிறக்கும் ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு என்று துணையாறுகள் வழியில் வந்து சேர்கின்றன. மலைக்காட்டில் காணிக்காரர்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். ஆற்றின் கதையை அகத்தியரிடம் தொடங்குகிறவர்கள் யாரும் காணிக்காரரைக் கேட்டுத் தொடங்குவதில்லை என்பதையும் இங்கே குறித்துவிடுவோம்.

ஆறு வற்றாமல் இருப்பதற்குக் காரணம் இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வரும். சமவெளிக்கு வருவது வறண்ட காற்றும், தென்காசி, குற்றாலப் பக்கம் சாரலும்தான். ஆனால் உச்சியிலும் மேல் சரிவிலும் பெய்த மழை ஆற்றில் இறங்கிவிடும். அதனால் வயலில் ஒரு சொட்டு விழாத ஜூலையிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. அது சமவெளியிலும் பெய்யும், மலையிலும் பெய்யும். முதல் மழையை நம்பிக் கார் சாகுபடி, இரண்டாவதை நம்பிப் பிசான சாகுபடி. ஜூனில் நட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பது கார். அதன்பின் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். தஞ்சாவூரில் குறுவை, சம்பா என்பார்கள். இங்கே இந்தப் பெயர்கள்தான்.

இந்தத் தண்ணீரை வயலுக்குத் திருப்புவன எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து வரிசையாகக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் கம்பெனி ஆட்சிக்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் பிரிட்டிஷார் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. இவற்றின் ஆயக்கட்டு மொத்தம் சுமார் 86,000 ஏக்கர். அதில் 46,000 ஏக்கர் திருநெல்வேலி மாவட்டத்திலும் 40,000 ஏக்கர் தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆற்றின் குறுக்கே கல்லடுக்கித் தண்ணீரைச் சற்றே உயர்த்திப் பக்கவாட்டில் கால்வாய்க்குத் தள்ளும் அமைப்பு இது. தேக்கி வைக்கும் அணை அல்ல. எனவே எல்லாம் வரிசையைப் பொறுத்தது. மேலே இருப்பவருக்கு முதலில், கடைமடைக்குக் கடைசியில். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் மேல் கால்வாய்களுக்கு மட்டும் கார் சாகுபடித் தண்ணீர் கிடைக்கும், மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் காத்திருக்கும். இன்றும் அதே நிலைதான்.

கல்லை அடுக்கியது யார், மண்ணைச் சுமந்தது யார் என்று கல்வெட்டு சொல்லாது. அரசன் பெயரைச் சொல்லும்.

இந்தக் கரையில் நெல் எவ்வளவு பழையது என்பதற்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் இருந்த நெல் உமியைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் காலம் கி.மு. 1155 என்று வந்ததை 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதாவது சுமார் 3,200 ஆண்டு. பக்கத்திலேயே, 1876-ல் ஜாகர் தோண்டிப் பார்த்ததும், பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்ததுமான ஆதிச்சநல்லூர். இன்னும் கிழக்கே பாண்டியர் துறைமுகமான கொற்கை. அது இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலையே பின்னுக்குத் தள்ளிவிட்டது. துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது, அதுவும் தூர்ந்தது.

சிவகளை அறிவிப்பு வந்ததும் சமூக ஊடகங்களில் ஒவ்வொரு சாதியும் அந்த உமிக்கு உரிமை கோரியதை நாம் பார்த்தோம். நம் ஆட்களும் விதிவிலக்கல்ல. உமியில் சாதி எழுதியிருக்கவில்லை. 3,200 ஆண்டுக்கு முன் அங்கே நெல் உண்ட மனிதர் யாருக்கு அடிமை, யாருக்கு எசமான் என்று அந்தத் தாழி சொல்லவில்லை. நமக்குத் தேவையான சான்று அதைவிடப் பிந்தியது, கூடுதல் தெளிவுள்ளது.

திருநெல்வேலிக்கு வடக்கே மானூர். அங்குள்ள கோயிலில் கி.பி. 800 வாக்கில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று ஊர்ச்சபையில் யார் உட்காரலாம் என்று விதி வகுக்கிறது. நிலப்பங்கு உள்ளவராக இருக்க வேண்டும், வேதமும் தர்மமும் கற்றவராக இருக்க வேண்டும். உத்திரமேரூருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய இந்தக் கல்வெட்டைத் தமிழர் ஜனநாயகத்தின் சான்று என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். சரி, ஜனநாயகம்தான். யாருக்கு? நீரைப் பங்கிடவும் நிலத்தை விற்கவும் வாங்கவும் முடிவெடுக்கும் அவையில் நிலமும் வேதமும் நுழைவுச்சீட்டு. உழுதவர் அந்த அவையின் பேசுபொருளாக இருந்திருக்கலாம், பேசுபவராக இல்லை. பிரமதேயங்களும் தேவதானங்களும் ஆற்றங்கரை நெடுகப் பரவியபோது நல்ல நஞ்சை பிராமணருக்கும் கோயிலுக்கும் உயர்நிலை வேளாளருக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தக் கூட்டு பின்னாளில் மிராசு என்ற பெயரில் கம்பெனிக்காரன் காலம் வரை நிலைத்தது.

இனி நாம் எல்லாரும் படிக்க வேண்டிய நூலுக்கு வருவோம். தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் சீவலப்பேரிப் பக்கத்து முக்கூடலில் நடப்பதாகப் பாடப்பட்ட முக்கூடற் பள்ளு. 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பார்கள். எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. கல்லூரியில் இதைச் சிற்றிலக்கியம் என்று ஒரு தாளில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு மனைவியர் சண்டையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள். நாம் வேறு மாதிரி வாசிக்கலாம். இன்று சட்டம் தேவேந்திரகுல வேளாளர் என்று குறிக்கும் மக்களை அந்த நூல் தன் காலத்துப் பெயரால் பள்ளர் என்கிறது. நூலைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் அந்தப் பெயரை நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

அந்த நூலில் உழவர் வானத்தைப் படிக்கிறார். மேற்கே மலையாளத் திசையிலும் கிழக்கே ஈழத் திசையிலும் மின்னுவதைப் பார்த்து ஆற்றில் வெள்ளம் வரப்போவதைச் சொல்கிறார். நண்டு வளையை அடைப்பதும் தவளை கத்துவதும் அவருக்கு வானிலை அறிக்கை. இந்த நிலத்துக்கு மழை இரண்டு திசையிலிருந்து வருகிறது என்று மேலே நாம் சொன்ன புவியியல் அந்த உழவரின் வாயில் அப்போதே இருக்கிறது. அடுத்து நெல் வகைகள் வரிசையாக வருகின்றன, மாட்டு வகைகள் நிறத்தோடும் கொம்போடும் வருகின்றன, மீன் வகைகள் வருகின்றன, ஏரின் உறுப்புகள் வருகின்றன. ஒரு வேளாண் கல்லூரிப் பாடத்திட்டத்துக்கு ஆகும் அறிவு அது.

அதே நூலில், அதே உழவரைப் பண்ணைக்காரன் தொழுமரத்தில் மாட்டுகிறான். வேலையைச் சரியாகக் கவனிக்கவில்லை, கணக்குச் சொல்லவில்லை என்பது குற்றம். காலை மரத்தில் பூட்டிப் போட்டுவிடுகிறான். மனைவி வந்து கெஞ்சித்தான் மீட்க வேண்டியிருக்கிறது. புலவர் இதை நகைச்சுவையாகப் பாடுகிறார். கேட்டவர்களும் சிரித்திருப்பார்கள். நிலம் அழகர் கோயிலுக்கு, மேற்பார்வை பண்ணைக்காரனுக்கு, விதை முதல் களம் வரை அறிவு முழுவதும் தொழுவில் கிடப்பவருக்கு. முக்கூடற் பள்ளு காட்டும் சமூகம் இதுதான். உழவர் திறமையற்றவர் என்பதால் நிலமற்றவர் ஆனார் என்று யாராவது சொன்னால் இந்த நூலை அவர் கையில் கொடுங்கள்.

கடல் கடந்து ஓர் ஒப்பீடு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 18-ம் நூற்றாண்டில் நெல் பெரும் பணப்பயிராக இருந்தது. ஆங்கிலேயப் பண்ணையார்களுக்கு நெல் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்களுக்குத் தெரியும். வரப்பு, மடை, நாற்று, குத்துவது, புடைப்பது என்று அந்த அறிவு முழுவதும் அவர்களோடு வந்தது என்று ஜூடித் கார்னி 2001-ல் தன் நூலில் வாதிட்டார். அதைச் சிலர் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கேள்வி நமக்கும் பொருந்துகிறது. நெல் என்பது அறிவு கேட்கும் பயிர். அந்த அறிவை வைத்திருந்தவரை உடைமையாக்குவதுதான் பண்ணையின் முதல் முதலீடு.

நெல்லுக்கு ஏன் இப்படிக் கட்டிப்போட்ட உழைப்பு தேவைப்பட்டது? தண்ணீர் வந்த வாரத்தில் உழ வேண்டும், நாற்று முற்றுவதற்குள் நட வேண்டும், மழை பிடிப்பதற்குள் காரை அறுக்க வேண்டும், அறுத்த கையோடு பிசானத்துக்குச் சேறு கலக்க வேண்டும். இடையில் வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும், இரவில் மடை பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஆள் வராவிட்டால் ஒரு போகம் போச்சு. இரண்டு போகம் என்றால் இரண்டு மடங்கு வேலை. அவ்வளவு வேலையையும் தன் கையால் செய்வது மேல்சாதி நிலவுடைமையாளருக்குச் சாதி இழுக்கு; பிராமணருக்கு ஏரைத் தொடுவதே தடை. எனவே கூப்பிட்ட நேரத்துக்கு வந்தாக வேண்டிய, வேறெங்கும் போக முடியாத மக்கள் தேவை. சாதி அதைச் செய்து கொடுத்தது.

தமிழக நிலத்தையும் சாதியையும் ஆராய்ந்து தர்மா குமார் 1965-ல் வெளியிட்ட நூலின் முக்கியமான முடிவு ஒன்று உண்டு. நிலமற்ற கூலிகளைப் பிரிட்டிஷார் புதிதாக உருவாக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே சாதி அந்த வர்க்கத்தை உருவாக்கி வைத்திருந்தது. திருநெல்வேலியையே களமாக எடுத்துக்கொண்ட டேவிட் லட்டன் 1985-ல் எழுதிய நூலில் மாவட்டத்தை ஈர வட்டாரம், வறண்ட வட்டாரம், இரண்டும் கலந்த வட்டாரம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். ஆற்றங்கரை ஈர வட்டாரத்தில் பிராமண, வேளாள நிலவுடைமையும் அதன் கீழ் கட்டுண்ட தலித் உழைப்பும். வடக்கே கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி, கம்பு, சோளம், அங்கே மானாவாரி. அந்தச் சாகுபடியில் குடும்ப உழைப்பு பெரிது, ஆண்டு முழுவதும் ஆளைக் கட்டி வைக்கும் தேவை குறைவு. தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியில் பனை. பனையேறிகளையும் சாதி மிதித்தது, கோயிலுக்குள் விடவில்லை. ஆனால் பனங்கருப்பட்டி சந்தைக்குப் போனது, கூடவே ஆளும் போனார். மிஷன் பள்ளிகளும் இந்த வறண்ட தெற்கில்தான் வேர் பிடித்தன. கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி அந்த மணலில் இருக்கிறது. ஈர நிலத்தில் பள்ளிக்குப் போகப் பண்ணையார் அனுமதி வேண்டும்.

வறட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் வறண்ட நிலத்து மக்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. வளம் என்ற சொல்லைக் கேட்டதும் யாருடைய வளம் என்று கேட்கப் பழகுவதற்காகச் சொல்கிறோம்.

1790-ல் கம்பெனி திருநெல்வேலியைத் தன் மாவட்டமாக்கியது. 1819-ல் சென்னை வருவாய் வாரியம் அடிமை முறை பற்றிக் கலெக்டர்களிடம் விசாரித்தது. நிலத்தோடு ஆளும் கைமாறுவது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் பண்ணையாள் ஓடிவிட்டால் வரி எப்படி வரும் என்பதுதான் அவர்கள் கவலை. 1843-ம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்றது. அவ்வளவுதான். விடுவிக்கப்பட்டவருக்கு ஒரு குழி நிலமும் அது கொடுக்கவில்லை. அடிமைச்சீட்டு போய்க் கடன்சீட்டு வந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை நெல்லுக்கு அப்பனும் மகனும் உழைத்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆனது.

அதைவிட ஆழமான வேலையை ரயத்துவாரி செய்தது. ரயத்து என்றால் உழவர் என்று பாடநூல் சொல்லும். ஆற்றங்கரையில் பட்டா எழுதப்பட்டது மிராசுதார் பெயரில். உழுதவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவர் குடியிருந்த குடிசை மனைகூடப் பல ஊர்களில் மிராசுதாருக்கே சொந்தம். கூலி கூடக் கேட்டால் கூரையைப் பிரிக்கலாம். 1892-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பின் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய நிலம்தான் இன்று பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடுவது. அந்த ஒதுக்கீடு தரிசிலிருந்துதான் வந்தது. நூற்றாண்டுகளாக ஓர் அங்குலம் விடாமல் உழப்பட்ட ஆற்று நஞ்சையில் தரிசு ஏது? அங்கே உழைத்தவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உடையவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். அதை எந்த அரசும் செய்யவில்லை.

ஆகவே மக்கள் கிளம்பினார்கள். இலங்கையில் காப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் திறந்தபோது தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். கங்காணியின் கொடுமை தெரிந்தே போனார்கள் என்றால் கரையில் இருந்தது என்ன என்று யோசித்துக்கொள்ளலாம்.

விடுதலைக்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம்; அது வாரக்காரரைக் காத்தது, கூலியாளை அல்ல. 1961-ல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர், 1970-ல் 15. கோயில் போன்ற பொதுச் சமய அறக்கட்டளை நிலங்களுக்கு விலக்கு. திருவாவடுதுறை ஆதீனம் முதல் உள்ளூர்க் கோயில்கள் வரை தாமிரபரணி நஞ்சையில் வைத்திருக்கும் நிலத்தை நினைத்தால் இந்த விலக்கின் பொருள் புரியும். 1958-ல் மணிமுத்தாறு அணை வந்தது, நாங்குநேரி முதல் திருச்செந்தூர் வரை வறண்ட பகுதிகளுக்கு நான்கு ரீச்சாகத் தண்ணீர் போயிற்று, நல்ல காரியம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 ஊரெல்லாம் பரவியது. கடைமடையில் நெல் போய் வாழை வந்தது. வாழைக்கு நடவுப் பெண்கள் தேவையில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் கொத்து நெல்லும் போயிற்று. நிலவுடைமையாளர் பலர் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் நகர்ந்துவிட்டார்கள். அவர்கள் விற்ற நஞ்சையை வாங்கும் வசதி நம்மில் மிகச் சிலருக்கே இருந்தது. தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் கையிலுள்ள சாகுபடிப் பரப்பு அந்தப் பங்கில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

நிலத்துக்கு வெளியே சம்பாதித்து நிமிர்ந்தாலும் விட்டார்களா? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நுழைந்த போலீஸ் படை வளைகுடாப் பணத்தில் வாங்கிய தொலைக்காட்சிகளையும் மின்விசிறிகளையும் உடைத்தது, கடவுச்சீட்டுகளையும் சான்றிதழ்களையும் அழித்தது. எவற்றை உடைத்தார்கள் என்பதைப் பாருங்கள். ஊரை விட்டு வெளியே போகும் வழிகளை உடைத்தார்கள்.

இனி மறுபடியும் மலைக்கு ஏற வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்கள் என்று நாலுமுக்கும் ஊத்தும் இன்று வானிலைச் செய்தியில் வருகின்றன. அந்த மழையிலும் அட்டையிலும் காட்டை அழித்துத் தேயிலை வைக்கப் போனவர்கள் யார்? சமவெளியில் ஒரு குழி நிலம் இல்லாதவர்கள், பெரும்பாலும் தலித்துகள். கேரளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. கீழே அவர்களுக்கு நிலமிருந்தால் மேலே ஏறியிருக்க மாட்டார்கள். கார் சாகுபடிக்குத் தண்ணீர் தரும் அதே மலைச்சரிவில், கார் வயலில் பங்கில்லாதவர்கள் மூன்று, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த காலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று தெரியவில்லை.

1999-ல் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 652 தொழிலாளர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்கவும் கூலியை உயர்த்தவும் கோரி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் பேரணி. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தின் ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் ஆறு. தடியடி தொடங்கியபோது சாலைப் பக்கம் போலீஸ். மக்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். தண்ணீருக்குள்ளும் அடி விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. ஏன் மூழ்கினார்கள் என்பதுதான் கேள்வி. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘ஒரு நதியின் மரணம்’ ஆவணப்படத்தை இன்னும் பார்க்காத மாணவர்கள் தேடிப் பாருங்கள். ஆற்றங்கரை இடம், கூட்டத்தின் அடர்த்தி, தப்பிக்க வழி இருந்த திசை எல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் ஜூலை 23-ல் நாம் அந்த ஆற்றில் மலர் தூவுகிறோம். ஜூலை என்பது கார்ப் பருவம். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதம்.

2024-ல் கம்பெனி தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பித் தோட்டத்தை மூடும் வேலையைத் தொடங்கியது. குத்தகை 2028-ல் முடிகிறது. காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உரியது என்று அரசு சொல்கிறது. காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அந்தக் காடுதான் கீழே 86,000 ஏக்கருக்கும் குடிநீருக்கும் மூலம். ஆனால் காட்டை வெட்டச் சொன்ன ஜமீனும் வெட்டி லாபம் பார்த்த கம்பெனியும் எதையும் இழக்காமல் வெளியேற, கொழுந்து பறித்தவர் மட்டும் கையில் ஒரு தொகையோடு இறங்கி வர வேண்டும் என்றால், அவர் இறங்கி வந்து நிற்க சமவெளியில் என்ன இருக்கிறது? அவருடைய கொள்ளுத்தாத்தா ஏறிப்போகக் காரணமான அதே நிலமின்மை அங்கேயே இருக்கிறது. மாற்று இடம் என்று அடுக்குமாடி வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். சாகுபடி நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நம் கருத்து. மணிமுத்தாறு ஆயக்கட்டிலும் கோயில் நிலங்களிலும் அதற்கு இடமிருக்கிறதா என்று அரசு முதலில் கணக்கெடுக்கட்டும்.

தண்ணீரைப் பங்கிடுவதில் இன்றும் யார் முன்னே நிற்கிறார் என்பதற்குக் கங்கைகொண்டான் ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள சிப்காட்டில் கோக், பெப்சி பானங்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதை 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்தது. 2017 மார்ச்சில் தடை நீங்கியது. அந்த வழக்கில் கடைமடை விவசாயிகள் பேசினார்கள், சரியாகவே பேசினார்கள். கடைமடை விவசாயியின் வயலில் கூலிக்குப் போகிறவர் அந்த வாதத்தில் எங்கும் வரவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் நில உரிமையாளருக்குக் காப்பீடும் நிவாரணமும் உண்டு. கூலியாளுக்குப் போகம் இல்லை என்றால் வேலை இல்லை, அவ்வளவே. அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர் நிவாரணம் கிடையாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எதிர்த்திசை நேர்ந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலையும் அதிலிருந்த பயணிகளையும் நாடே பார்த்தது. ஆற்றங்கரை ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். கோயிலும் பழைய தெருக்களும் மேட்டில். குடியிருப்பு என்றும் காலனி என்றும் பெயர் பெற்ற நம் தெருக்கள் பெரும்பாலும் வாய்க்கால் ஓரத்தில், வயல் நடுவில், பள்ளத்தில். வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஊருக்குத் தள்ளி இருக்கட்டும் என்று எப்போதோ ஒதுக்கிய இடம். வெள்ளம் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. 2004 சுனாமியின்போது முகாமிலும் நிவாரணத்திலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தின. 2023 வெள்ளத்துக்கும் தெருத் தெருவாக அப்படி ஒரு கணக்கு எழுதப்பட வேண்டும்.

அதை மாணவர்கள் செய்யலாம், பெரிய பணம் தேவையில்லை. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை வாங்குங்கள். ‘அ’ பதிவேட்டில் நஞ்சை எது, புஞ்சை எது, நத்தம் எது, கோயில் பெயரில் எது என்று நிறம் தீட்டுங்கள். அதன் மேல் ஊர்த் தெருக்களைச் சாதிவாரியாகக் குறியுங்கள், 2023-ல் தண்ணீர் எந்த வீட்டின் எந்த உயரம் வரை வந்தது என்று கேட்டு எழுதுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் கார் நடவுக்கு எந்த மடைக்குப் போனார்கள், கொத்து எத்தனை மரக்கால் கொடுத்தார்கள், எந்த ஆண்டோடு அது நின்றது என்று கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் வழக்குக் கதைகள்தான் கிடைக்கும், கூலிக் கணக்குப் பெண்களுக்குத்தான் நினைவிருக்கிறது. நத்தம் பட்டா உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது என்பதை எண்ணிவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள்.